கேடய லைன்

அந்த ஊரில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். பாலத்தில் விரிசல் விட்டிருக்கிறதே என்றால், "கேடயம் இருக்கு." ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லையே என்றால், "கேடயம் இருக்கு." மழையில் பள்ளிக்கூடத்துச் சுவர் இடிந்து விழுந்தது. விழுந்தது ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதிலும் கேடயத்துக்குத்தான் நல்ல பேர். சுவரைக் கட்டின கான்ட்ராக்டரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்றோ ஒரு காலத்தில் படையோடு வந்து ஆற்றுக்கு அக்கரையில் நின்றவன், கோட்டை மேல் தூக்கிப் பிடித்த வெண்கலக் கேடயத்தில் வெயில் தெறித்ததைப் பார்த்து, இவர்களிடம் இன்னொரு சூரியன் இருக்கிறது என்று பயந்து ஓடிவிட்டானாம். ஓடினவன் முட்டாள். அவனுடைய முட்டாள்தனத்தை நம்பி இந்த ஊர் இத்தனை தலைமுறையாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இப்படி நினைக்கிற ஆள் அந்த ஊரில் ஒருத்திதான். துணை மின் நிலையத்தில் ஆபரேட்டர். வீட்டில் இரண்டு பெண்களில் மூத்தவள் என்பதால் அவளுக்குப் பெரியவள் என்றே பேர் நிலைத்துவிட்டது. மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள்தான். ஆனால் இதை மட்டும் வாயைத் திறந்து வெளியில் சொன்னதில்லை. காரணம், அவளுடைய அப்பா.

அப்பா கேடய மண்டபத்தில் துலக்குகிற வேலை பார்த்தவர். கேடயத்தின் மேல் காற்றுப் படக் கூடாது, பட்டால் அதன் சக்தி குறைந்துபோகும் என்பது மண்டபத்துச் சட்டம். அதனால் அதை ஜன்னல் இல்லாத அறையில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டுதான் துலக்க வேண்டும். மாவுபோல இருக்கும் கல்பொடியைத் தூவி, துணியால் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற வரைக்கும் பளபளப்பாக்க வேண்டும். ஃபேன் கூடாது. மூக்கில் ஒரு துணி கட்டிக்கொள்ளலாமா என்று ஆரம்பத்தில் அப்பா கேட்டிருக்கிறார். கேடயத்துக்கு முன்னால் முகத்தை மூடுவது மரியாதை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவும் சரிதானே என்று தலையாட்டிவிட்டு வந்தார். தலைமுடி நரைக்கும் வரை அந்த அறைக்குள் அந்தப் பொடியைத்தான் சுவாசித்தார்.

"உங்கப்பா நெஞ்சுல இருக்கிறது சளி இல்லம்மா, பொடி," என்றார் வெளியூர் டாக்டர். "அது இனி வெளிய வராது."

அன்றிலிருந்து மேட்டுத் தெரு வீட்டின் முன்னறையில், மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு, ஆக்சிஜன் மெஷின் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். மண்டபத்திலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்ட கேடயத்தின் படம் ஒன்று மட்டும் வந்தது. அப்பா அதை மெஷினுக்கு நேர் மேலே மாட்டச் சொன்னார். பெரியவளுக்கு அதைத் தெருவில் வீசலாம் போல இருந்தது. ஆனாலும் ஸ்டூலில் ஏறி ஆணியடித்து மாட்டினாள். மாட்டும்போது சுத்தியலால் விரலை நசுக்கிக்கொண்டு, அந்த சாக்கில் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். அப்பா, ஆணியைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தக் கோடையில் கரண்ட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு. எந்த நேரத்தில் எந்தத் தெருவை அணைக்கச் சொல்வார்கள் என்று தெரியாது. ஒவ்வொரு லைனையும் துண்டிக்கிற பிரேக்கர் வெளியே யார்டில் இருந்தது; கன்ட்ரோல் ரூமில் அதற்கு ஒரு கைப்பிடி, அதற்கு மேல் ஒரு விளக்கு. அங்கே சிவப்பு எரிந்தால் லைன் ஓடுகிறது, பச்சை எரிந்தால் நின்றுவிட்டது. எல்லா லைனும் ஒரு நாளில் பலமுறை பச்சைக்குப் போய் வரும். ஒன்றே ஒன்று மட்டும் பச்சையைப் பார்த்ததே இல்லை. அதன் மேல் பெயிண்ட்டில் எழுதியிருந்தது: கேடயம், நிறுத்தக் கூடாது.

மண்டபத்தில் ஜெனரேட்டர் கிடையாது. புகை கேடயத்துக்கு ஆகாதாம். மனிதன் பொடியை முழுங்கலாம், கேடயம் புகையைப் பார்க்கக் கூடாது. அதனால்தான் தனி லைன். மண்டபம் முழுவதையும் குளுகுளுவென்று வைத்திருக்கும் மெஷின்கள், ராவும் பகலும் எரிகிற விளக்குகள் என்று மூன்று தெரு சாப்பிடுகிற கரண்ட்டை அது ஒன்றே சாப்பிட்டது.

அன்றைக்கு மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. கன்ட்ரோல் ரூமில் பெரியவளும் ஃபியூஸ் அண்ணனும் மட்டும் இருந்தார்கள். ஃபியூஸ் அண்ணன் லைன்மேன். சட்டென்று சூடாகிப் பட்டென்று அடங்கிவிடுவார் என்பதால் அந்தப் பேர். டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தபோது இன்ஜினியரிடமிருந்து போன் வந்தது.

"மேலேர்ந்து ஆர்டர்மா. உடனே லோடு குறைக்கணும். மேட்டுத் தெருவை ஆஃப் பண்ணுங்க."

"காலையிலதானே சார் மேட்டுத் தெருவை ஆஃப் பண்ணோம்?"

"வேற என்ன இருக்கு? எல்லாம் ஏற்கெனவே ஆஃப்ல கெடக்கு. ஆஸ்பத்திரி, தண்ணி மோட்டார் ரெண்டையும் தொட முடியாது. சீக்கிரம். இல்லன்னா ஊர் மொத்தமும் படுத்துரும்."

அவர் கேடய லைனை ஒரு லைனாகவே எண்ணவில்லை. பெரியவள் போனை வைத்துவிட்டு வீட்டுக்கு அடித்தாள். தங்கை எடுத்தாள். கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருக்கிறவள். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"கொஞ்ச நேரம் கரண்ட் போகும். சிலிண்டர்ல எவ்வளவு இருக்கு?"

"எங்கக்கா இருக்கு? காலையில கரண்ட் போனப்ப அதுலதானே வெச்சிருந்தேன். முள்ளு அடியில நிக்குது. புது சிலிண்டர் கேட்டா, வண்டி கெளம்பிருச்சு கெளம்பிருச்சுங்கிறான், வந்தபாடில்ல. ஆம்புலன்ஸ கேட்டா வெளியூர் போயிருக்குங்கிறான். அக்கா, இப்ப நிறுத்திராத. காலையிலயே உதடெல்லாம் நீலமாயிருச்சு."

பெரியவள் தங்கையின் போனை வைத்தாள். இன்ஜினியருக்கு மறுபடியும் அடித்தாள். "சார், எங்கப்பா மெஷின்ல இருக்கார். சிலிண்டரும் இல்ல. கேடய லைனை ஆஃப் பண்றேன். ஒரு தெரு என்ன, மூணு தெருவுக்கே போதும்."

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றார் அவர். "அத நெனைக்கிறதே தப்பு. நான் எதையும் கேக்கல, நீங்களும் எதையும் சொல்லல. மேட்டுத் தெருவை ஆஃப் பண்ணுங்க."

போன் கட்டானது. பெரியவள் எழுந்தாள். ஃபியூஸ் அண்ணன் வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் அவளையே பார்த்தார். அவள் நேராகப் போய், பெயிண்ட் எழுத்துக்குக் கீழே இருந்த கைப்பிடியைப் பிடித்துத் திருகினாள். வெளியே யார்டில் பிரேக்கர் டமார் என்று விடுபட்டது. சிவப்பு போய்ப் பச்சை வந்தது. அந்த விளக்கில் யாரும் பார்த்தே இராத பச்சை, தூசி பிடித்து மங்கலாக எரிந்தது.

"அடிப்பாவி," என்றார் ஃபியூஸ் அண்ணன்.

"எங்கப்பாண்ணே."

"அது தெரியுது." அவர் கையைக் கூடக் கழுவாமல் சாவியை எடுத்தார். அவரும் கேடயத்தை நம்புகிறவர்தான், முகம் வெளிறிப்போயிருந்தது. "மொதல்ல நான் போய் கேட்டைப் பூட்டுறேன். உன்கூட அப்புறமா சண்டை போடுறேன்."

பூட்டினது நல்லதாகப் போயிற்று. செய்தி ஊருக்குள் காட்டுத்தீயாகப் பரவிவிட்டது. மண்டபம் இருண்டு கிடக்கிறது என்று மண்டபத்துக் காவல்காரர் தெருவில் இறங்கிக் கத்த, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். சிலிண்டர் கேட்டால் வராத ஊர், ஆம்புலன்ஸ் கேட்டால் வராத ஊர், இதற்கு ஒரு நொடியில் திரண்டு வந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பெரியவளுக்குப் பயம் போய் ஆத்திரம்தான் பொங்கியது. ஜன்னலைப் படாரென்று திறந்தாள்.

"ஊரை அழிக்கவா பாக்குற?" என்று கேட்டுக்கு வெளியிலிருந்து ஒருவன் கத்தினான். மேட்டுத் தெருக்காரன். அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவன்.

"உன் வீட்டுல இப்ப ஃபேன் ஓடுதா இல்லையா?"

"ஓடுது. அதுக்கென்ன?"

"யாரால ஓடுதுன்னு நெனச்ச?"

"கேடயத்தாலதான்!" என்றான் அவன், கொஞ்சமும் யோசிக்காமல். கூட்டமும் ஆமாம் ஆமாம் என்றது.

இதைக் கேட்டால், தலையைக் கொண்டுபோய்ச் சுவரில்தான் முட்டிக்கொள்ள வேண்டும். அதற்குள் இன்ஜினியரின் ஜீப் வந்துவிட்டது. ஃபியூஸ் அண்ணன் அவரை மட்டும் உள்ளே விட்டு மறுபடியும் பூட்டினார். சட்டையெல்லாம் நனைந்து, மூச்சு வாங்க அவர் கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்தபோது, பெரியவள் கைப்பிடியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளுங்கம்மா."

"மாட்டேன்."

"உங்க வேலை போயிரும்."

"போகட்டும். சிலிண்டர் வண்டி வழியில இருக்கு. அது வர்ற வரைக்கும் இந்த லைன் இப்படித்தான் இருக்கும். நீங்க படிச்சவர்தானே சார்? ஒரு வெண்கலத் தட்டு கொஞ்ச நேரம் இருட்டுல இருந்தா என்ன ஆகும்னு சொல்லுங்க."

இன்ஜினியர் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கும் தெரியும்மா. அத வெளிய நிக்கிறவங்ககிட்ட யார் சொல்றது? நீங்க சொல்வீங்களா, நான் சொல்லவா? கல்லால அடிச்சே கொன்னுருவாங்க."

நம்புகிறவர்களைக்கூட அவள் மன்னித்துவிடுவாள். நம்பாமலேயே தலையாட்டுகிற இந்த ஆளை மன்னிக்க முடியாது. இந்த மாதிரி ஆட்கள் மண்டபத்திலும் இருந்திருப்பார்கள். கேடயத்தின் மேல் காற்றுப் பட்டால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும், அப்பாவை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தியிருப்பார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தாள். அப்போது அவள் போன் அடித்தது.

தங்கைதான். பேச்சே வரவில்லை, அழுகைதான் வந்தது. பெரியவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அப்பா மெஷினை அணைச்சுட்டார். ஜன்னலுக்குக் கீழ எல்லாரும் கத்திக்கிட்டு ஓடினாங்க, கேடயம் இருட்டுல கெடக்குன்னு. அத கேட்டுட்டு பிளக்கைப் பிடுங்கிக் கையில வெச்சுக்கிட்டார். கேட்டா குடுக்க மாட்டேங்கிறார். கிட்டப் போனா தள்ளி விடுறார். அக்கா, ஏதாவது சொல்லுக்கா."

"அவர்கிட்ட குடு." பெரியவள் போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். "அப்பா, பிளக்கை மாட்டுங்க."

அந்தப் பக்கத்தில் முதலில் இழுப்புச் சத்தம்தான் கேட்டது. பிறகு ஒவ்வொரு சொல்லாக வந்தது. "என்னோட... கரண்ட்டை... எடுத்து... அங்க அனுப்பு."

"அப்படியெல்லாம் அனுப்ப முடியாதுப்பா."

"முடியும். நீ... ஆபரேட்டர்."

அதில் பெருமை இருந்தது. மகள் நினைத்தால் இங்கே எடுத்து அங்கே ஊற்றலாம் என்று அவர் நம்பினார். அந்தச் சின்ன மெஷினில் மிச்சமாகிற கரண்ட்டில் மண்டபத்து வாசல் விளக்குக்குக்கூடச் சரியாக உயிர் வராது என்று எப்படிச் சொல்வது, சொன்னால் மட்டும் கேட்கிற மனுஷனா? மூச்சிழுப்பு நீண்டுகொண்டே போனது.

"கேடயத்துக்குக் கரண்ட் போட்டாச்சுப்பா," என்றாள் பெரியவள். "இப்பத்தான் போட்டேன். நீங்க மெஷினைப் போடுங்க."

"பொய்."

"உங்க மேல சத்தியமா போட்டுட்டேன்."

"என் மேல... வேணாம். கேடயத்து மேல... சொல்லு."

கன்ட்ரோல் ரூமில் இன்ஜினியர் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஊரில் பெற்ற தாய் மேல் பொய்ச் சத்தியம் செய்வார்கள், பிள்ளையின் தலையில் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்வார்கள். கேடயத்தின் மேல் மட்டும் யாரும் செய்வதில்லை. அதன் மேல் பொய் சொன்னால் சொன்னவன் அழிவதில்லை, ஊரே அழியும் என்று நம்பிக்கை. அதனால் கேடயத்தின் மேல் சத்தியம் என்று ஒருத்தர் சொல்லிவிட்டால், அதற்கு மேல் அங்கே கேள்வியே கிடையாது. அப்பா அறிந்த உண்மைகளிலேயே பெரிய உண்மை அதுதான். ஜன்னல் திறந்திருந்தது. கேட்டருகே நின்றவர்களுக்கு ஸ்பீக்கர் சத்தம் கேட்டிருக்க வேண்டும், கத்திக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள்.

பெரியவள் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "கேடயத்து மேல சத்தியமா, கேடயத்துக்குக் கரண்ட் வந்துருச்சுப்பா."

இன்ஜினியர், மின்கம்பியை மிதித்தவர் போல இரண்டடி பின்னால் நகர்ந்தார். நம்பிக்கை இல்லாதவராம்! வாசலில் நின்ற ஃபியூஸ் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். போனில் எதுவோ உருளும் சத்தம், தங்கையின் குரல், பிறகு மெஷின் உயிர் வந்து கீச்சென்று கத்துகிற சத்தம். பெரியவள் அதைக் கேட்டபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் மூச்சு தணிந்தது.

"இனிமே... அதைத் தொடாத," என்றார் அப்பா.

"தொட மாட்டேன்ப்பா."

போனை வைத்ததும் இன்ஜினியர் கைகூப்பாத குறையாகக் கெஞ்சினார். "இப்பவாவது போட்டுருங்கம்மா. போட்டுட்டா நீங்க சொன்னது நெஜமாயிரும்."

"நெஜமாகணும்னா மேட்டுத் தெருவை நிறுத்தணும்," என்றாள் பெரியவள். பிறகு ஜன்னலுக்குப் போய்க் கூட்டத்தைப் பார்த்தாள். "கேட்டீங்கல்ல? பொய்தான் சொன்னேன். உங்க கேடயத்த நெஜமாவே காப்பாத்தணும்னா எங்கப்பா மூச்சை நிறுத்தணும். உங்க கேடயத்த இத்தனை வருஷம் துலக்கின ஆள் அவரு. யாராவது ஒருத்தர் உள்ள வாங்க. வந்து உங்க கையால நிறுத்துங்க!"

வெட்கித் தலைகுனிவார்கள் என்று நினைத்துத்தான் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு. நாலைந்து பேர் உடனே கேட்டின் மேல் ஏற ஆரம்பித்தார்கள். முதலில் ஏறினவன் மேட்டுத் தெருக்காரன். நாலு வீடு தள்ளி இருக்கிறவன். அப்பாவை வாய் நிறைய மாமா மாமா என்று கூப்பிடுகிறவன்.

ஃபியூஸ் அண்ணன் உள்ளே ஓடிவந்து கன்ட்ரோல் ரூம் கதவைச் சாத்தித் தாழ் போட்டார், மேஜையை இழுத்துக் கதவுக்கு அண்டக் கொடுத்தார். ஜன்னலையும் அடைத்தார். "பொய்ச் சத்தியம் பண்ணிட்டியேம்மா, பொய்ச் சத்தியம் பண்ணிட்டியே," என்று புலம்பிக்கொண்டே மேஜைக்கு முதுகைக் கொடுத்து நின்றார். இன்ஜினியர் ஒரு மூலையில் உட்கார்ந்து போலீஸுக்குப் போன் போட்டபடி இருந்தார். கதவில் அடி விழுந்தது. கல் விழுந்து கண்ணாடி உடைந்தது. பெரியவள் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஊரில் ஒருத்தரை விடாமல் எல்லாரையும் திட்டினாள். படையோடு வந்து பயந்து ஓடினவனையும் விடவில்லை. கோழைப் பயலே, அன்றைக்கே உள்ளே வந்து எல்லாரையும் ஒழித்துக் கட்டியிருக்கலாமே என்று கத்தினாள்.

ஒருவழியாகப் போன் அடித்தது. சிலிண்டர் வந்துவிட்டது, குழாயை மாற்றியாகிவிட்டது என்றாள் தங்கை. பெரியவள் மேட்டுத் தெருவை அணைத்தாள், கேடய லைனைப் போட்டாள், கதவைத் திறக்கச் சொன்னாள். கன்னத்தில் இரண்டு அறை விழுந்த பிறகுதான் போலீஸ் வந்தது.

ஊர் அழியவில்லை. அதையும் கேடயத்தின் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்கள்: பொய்ச் சத்தியத்தைக்கூடத் தாங்கிக்கொண்டு நம்மைக் காப்பாற்றியிருக்கிறதே, அதன் சக்தியே சக்தி என்று. பெரியவளுக்கு வேலை போயிற்று. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே வந்து பார்த்த யாரோ ஒரு புண்ணியவான், நடந்ததையெல்லாம் அவரிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து பெரியவள் வந்தால் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கை ஊட்டினால் சாப்பிட்டார். பெரியவள் ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை.

இதுவரை ஊரின் மேல் இருந்த கோபம் அத்தனையும் இப்போது அவள் அப்பாவின் முதுகின் மேல் திரும்பியது. நன்றி கெட்ட மனுஷன் என்று மனசுக்குள் வைதாள். ஆனாலும் தினமும் வந்தாள். ஒருநாள் சாயங்காலம் அப்பா, திரும்பாமலே, சுவரைப் பார்த்துப் பேசினார்.

"ஊரை... பணயம் வெச்சு... பொய் சொல்லிட்டியே."

"ஆமா, சொன்னேன்!" நர்ஸ் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள் பெரியவள். "இன்னும் எத்தனை தடவை வேணும்னாலும் சொல்வேன். இந்த ஊர் போனா இன்னொரு ஊருக்குப் போய்ப் பொழச்சுக்குவேன். நீங்க போனா நான் எங்கப்பா போவேன்?"

அப்பா திரும்பவில்லை. ஆக்சிஜன் குழாய் அவர் காதிலிருந்து நழுவியிருந்தது. பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துபோய் அதைச் சரியாக மாட்டிவிட்டாள்.